புகையில்லா நெருப்பும் மாசில்லா நெருப்பும்

நுழையும்முன்

நெல்லிலிருந்து அரிசியைப் பிரித்தபின் எஞ்சும் உமியிலும் ஆற்றல் உறைந்திருக்கிறது. அதனை அப்படியே எரித்து ஆற்றல் பெறுவது ஒரு வழி. வாயுவாக மாற்றிச் சுழலியில் எரித்து மின்னாற்றல் பெறுவது மற்றொரு வழி. இரண்டாவது வழியில் புகை கண்ணுக்குத் தெரிவதில்லை. புகை மறைந்துவிட்டதனால் மாசும் மறைந்துவிட்டதாகக் கொள்ளலாமா? இவ்வினாவிற்கான விடையை இப்பாடம் ஆராய்கிறது.

உமி குவியும் ஊர்கள்

திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் காவிரியையும் திருவரங்கத் தீவையும் கொள்ளிடத்தையும் கடந்தால் சமயபுரம் தோன்றுகிறது. மாரியம்மன் கோவிலால் புகழ்பெற்ற அவ்வூருக்கு மாசியில் பூச்சொரிதலுக்கும் சித்திரையில் தேர்த்திருவிழாவிற்கும் மக்கள் திரளாக நடந்து வருகின்றனர். ஊரைச் சுற்றிலும் ஆற்று நீரும் வாய்க்கால் நீரும் பாயும் நெல்வயல்கள் உள்ளன. அருகிலுள்ள மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளுக்குப் பெயர்பெற்ற ஊராகும். அறுவடைக் காலத்தில் நெல்மூட்டைகள் ஆலைக்குள் செல்வதும், அரிசியும் தவிடும் உமியும் தனித்தனியே வெளியேறுவதும் இப்பகுதியின் அன்றாடக் காட்சிகள்.

நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமியாகும். ஒரு டன் நெல்லை அரைத்தால் 200 கிலோகிராம் அளவுக்கு உமி கிடைக்கிறது. மனிதர் உண்ண இயலாத, கால்நடைகளும் விரும்பாத இப்பொருளைத் தமிழர் வீணாக்கியதில்லை. உமி அடுப்பு, உமிக்கரி, செங்கல் சூளை, பொற்கொல்லரின் குமுட்டி எனப் பலவகையில் அது பயன்பட்டுவந்துள்ளது. புழுங்கலரிசி ஆலைகளில் நெல்லை அவிப்பதற்கான நீராவியும் பெரும்பாலும் உமியை எரித்தே பெறப்படுகிறது.

ஒரு கிலோகிராம் உமியை எரித்தால் ஏறத்தாழ 14 மெகாஜூல் வெப்பம் வெளிப்படும். எனினும் உமியை நேரடியாக எரிப்பதில் இடர்ப்பாடுகள் உண்டு. காற்று சீராகக் கலவாவிடின் பாதி எரிந்த புகையும் கரித்தூளும் வெளியேறுகின்றன. உமியின் எடையில் 15 முதல் 20 விழுக்காடு வரை சாம்பலாக எஞ்சுகிறது. அச்சாம்பலில் பெரும்பகுதி சிலிகா ஆகும். காற்றில் பறக்கும் நுண்சாம்பல் கண்ணையும் மூச்சையும் உறுத்துகிறது. ஆலையில் பணிபுரிவோரும் அதனைச் சுற்றி வாழ்வோரும் இதற்கு முதலில் ஆளாகின்றனர். ஆகவே உமியிலிருந்து ஆற்றலைப் பெறுவதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. அதனைத் தூய்மையாகப் பெறும் வழியையும் காணவேண்டியுள்ளது.

எரித்தலும் வாயுவாக்கமும்

மரம், உமி, கரும்புச்சக்கை, வைக்கோல், தென்னைமட்டை முதலிய தாவரப் பொருள்கள் அனைத்தும் உயிர்த்திரள் எனப்படும். உயிர்த்திரளுக்குத் தேவையான காற்று முழுவதையும் அளித்தால் அது முற்றிலும் எரிந்து கார்பன் டைஆக்சைடாகவும் நீராவியாகவும் மாறும். தேவையான காற்றில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மட்டும் அளித்தால் வேறொரு மாற்றம் நிகழ்கிறது. எரிபொருளின் ஒரு பகுதி மட்டும் எரிந்து வெப்பம் தருகிறது. அவ்வெப்பத்தில் எஞ்சிய பகுதி சிதைந்து எரியக்கூடிய வாயுவாக மாறுகிறது. இந்நிகழ்வே வாயுவாக்கம் ஆகும்.

தென்மாவட்டங்களில் சீமைக்கருவேல மரத்தை அடுக்கி மண்ணால் மூடிக் கரிமூட்டம் போடும் வழக்கம் உண்டு. மூட்டத்தினுள் காற்று குறைவாகச் செல்வதால் மரம் சாம்பலாகாமல் கரியாகிறது. அப்பொழுது மூட்டத்தின் துளைகள் வழியே வெளியேறும் புகையில் எரியக்கூடிய வாயுக்களும் கலந்துள்ளன. கரிமூட்டத்தில் கரியே விளைபொருள், வாயு வீணாகிறது. வாயுவாக்கியிலோ கரியும் வாயுவாக மாற்றப்படுகிறது, வாயுவே விளைபொருளாகிறது.

வாயுவாக்கியினுள் நான்கு நிகழ்வுகள் நடைபெறுகின்றன. முதலில் எரிபொருளின் ஈரம் உலர்கிறது. அடுத்து, வெப்பத்தால் சிதைந்து ஆவிப்பொருள்களும் தாரும் கரியும் பிரிகின்றன. மூன்றாவதாக, அவற்றுள் ஒரு பகுதி காற்றுடன் சேர்ந்து எரிந்து 1000 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெப்பத்தை உண்டாக்குகிறது. இறுதியாக, எரிதலில் தோன்றிய கார்பன் டைஆக்சைடும் நீராவியும் தணல்போன்ற கரியோடு வினைபுரிந்து கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் மாறுகின்றன. இவ்விரு வாயுக்களும் சிறிதளவு மீத்தேனும் சேர்ந்து உயிர்த்திரள் வாயுவின் எரியும் பகுதியாக அமைகின்றன.

இவ்வாயு தமிழகத்திற்குப் புதியதன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைப்பது அரிதானபோது, பின்புறம் கரி உலையைப் பொருத்திய பேருந்துகள் சாலைகளில் ஓடின. கரியிலிருந்து பெற்ற வாயுவே அவற்றின் எஞ்சினை இயக்கியது. போர் முடிந்து பெட்ரோல் தடையின்றிக் கிடைக்கத் தொடங்கியதும் அவ்வண்டிகள் மறைந்தன. பிற்காலத்தில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினர் இத்துறையில் ஆய்வைத் தொடர்ந்தனர். அவர்கள் உருவாக்கிய சிறிய மரவாயு மின்னாக்கி, 1988ஆம் ஆண்டு கருநாடகத்தின் தும்கூர் மாவட்டத்திலுள்ள ஹொசஹள்ளி என்னும் சிற்றூரில் நிறுவப்பட்டது.

சுழலியின் இயக்கம்

சிற்றூர்களின் சிறிய தேவைக்கு எஞ்சின் போதுமானது. பல மெகாவாட் அளவில் மின்னாற்றல் பெறுவதற்கு வாயுச் சுழலி ஏற்றது. பொதுவழக்கில் ‘கேஸ் டர்பைன்’ எனப்படும் இக்கருவி மூன்று உறுப்புகளைக் கொண்டது. முதல் உறுப்பான அமுக்கி, வெளிக்காற்றை உறிஞ்சிப் பல மடங்கு அழுத்துகிறது. அழுத்தப்பட்ட காற்று எரிகலனுக்குள் சென்று எரிவாயுவுடன் கலந்து எரிகிறது. மிகு வெப்பமும் அழுத்தமும் உடைய எரிவளிமம் சுழலியின் அலகுகளின்மீது பாய்ந்து அவற்றைச் சுழற்றுகிறது. அச்சுழற்சியின் ஒரு பகுதி அமுக்கியை இயக்கவும் எஞ்சிய பகுதி மின்னாக்கியை இயக்கவும் பயன்படுகிறது.

மின்னாற்றலை மக்களுக்கு வழங்கிய முதல் வாயுச் சுழலி நிலையம் 1939ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்து நாட்டின் நியூஷாட்டெல் நகரில் இயங்கத் தொடங்கியது. அதன் திறன் 4 மெகாவாட் ஆகும். சுழலியிலிருந்து வெளியேறும் வளிமத்தில் வெப்பம் மிகுதியாக எஞ்சியிருப்பதால், அதனைக் கொண்டு நீராவியை உண்டாக்கி மற்றொரு சுழலியையும் இயக்கலாம். வாயுச் சுழலியும் நீராவிச் சுழலியும் இவ்வாறு இணைந்து இயங்கும் முறை கூட்டுச் சுழற்சி எனப்படுகிறது. ஒரே அளவு எரிபொருளிலிருந்து மிகுந்த மின்னாற்றல் பெறுவதே அதன் பயன்.

தெரிந்து தெளிவோம்

ஒரு மெகாவாட் மின்னாற்றல் பெற மணிக்கு எவ்வளவு உமி தேவை? உமியின் கலோரி மதிப்பு கிலோகிராமுக்கு 14 மெகாஜூல் எனக் கொள்வோம். வெப்பத்தில் நான்கில் ஒரு பங்கு மின்னாற்றலாக மாறும் நிலையத்தில் மணிக்கு ஏறத்தாழ 1030 கிலோகிராம் உமி தேவைப்படும். மூன்றில் ஒரு பங்கு மின்னாற்றலாக மாறும் நிலையத்தில் ஏறத்தாழ 770 கிலோகிராம் போதும். மணிக்கு 260 கிலோகிராம் உமி மிச்சமாகிறது. அவ்வளவு உமியைப் பெறுவதற்கு 1300 கிலோகிராம் நெல்லை அரைக்க வேண்டும்.

திருச்சிராப்பள்ளியின் முன்முயற்சி

திடப்பொருளை வாயுவாக்கிச் சுழலியில் எரிக்கும் முயற்சிக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் தொடர்பு உண்டு. நகரின் கிழக்கே தஞ்சாவூர்ச் சாலையில் அமைந்துள்ள திருவெறும்பூரில், அனல்மின் நிலையங்களுக்கான உயர் அழுத்தக் கொதிகலன்களைப் பாரத மிகுமின் நிறுவனம் உருவாக்கிவருகிறது. கடந்த நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அந்நிறுவனம் 6.2 மெகாவாட் திறனுடைய கூட்டுச் சுழற்சிச் செயல்விளக்க நிலையத்தை அங்கு அமைத்தது. அந்நிலையத்தில் வாயுவாக்கப்பட்டது உமியன்று, இந்திய நிலக்கரி.

இந்திய நிலக்கரியில் 40 விழுக்காடு வரை சாம்பல் இருப்பதுண்டு. அயல்நாடுகளில் சாம்பல் குறைந்த நிலக்கரிக்கென உருவாக்கப்பட்ட வாயுவாக்கிகள் அதற்குப் பொருந்தவில்லை. ஆகவே அழுத்தமுள்ள பாய்மப் படுகை வாயுவாக்கி இங்கு உருவாக்கப்பட்டது. கீழிருந்து வேகமாகச் செலுத்தப்படும் காற்றால் நிலக்கரித் துகள்களும் சாம்பலும் கொதிக்கும் நீரைப்போல் பொங்கிக் கலந்து நிற்கும் அமைப்பே பாய்மப் படுகையாகும். துகள்கள் ஓரிடத்தில் தங்காமல் புரண்டுகொண்டே இருப்பதால் வெப்பம் எங்கும் சீராகப் பரவுகிறது.

சாம்பல் மிகுந்த நிலக்கரிக்கு ஏற்ற இவ்வமைப்பு, சாம்பல் மிகுந்த உமிக்கும் பொருந்தக்கூடியதாகும். நிலக்கரியாயினும் உமியாயினும் காற்றைக் கொண்டு வாயுவாக்கும்பொழுது கிடைப்பது வெப்பம் குறைந்த மென்வாயுவே. அதனைச் சுழலியில் எரிப்பதிலுள்ள சிக்கல்களும் பெரும்பாலும் பொதுவானவை. அவற்றை ஒவ்வொன்றாக நோக்குதல் தகும்.

மென்வாயுவின் இயல்புகள்

காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன் உள்ளது. வாயுவாக்கிக்குள் காற்றைச் செலுத்தினால் அந்நைட்ரஜனும் உடன் செல்கிறது. எரியாமல் அப்படியே வெளியேறுகிறது. அதனால் உயிர்த்திரள் வாயுவில் ஏறத்தாழ பாதியளவு நைட்ரஜனாகவே இருக்கும். எஞ்சிய பாதியில் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன், மீத்தேன் ஆகியவற்றோடு கார்பன் டைஆக்சைடும் கலந்திருக்கும். இயற்கை வாயுவின் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 35 மெகாஜூல் வெப்பம் தருகையில், இம்மென்வாயு ஏறத்தாழ 5 மெகாஜூல் மட்டுமே தருகிறது. ஒரே அளவு வெப்பத்தைப் பெற, கன அளவில் ஏழு மடங்கு வாயுவை எரிகலனுக்குள் செலுத்த வேண்டியுள்ளது.

இதனால் இரண்டு சிக்கல்கள் எழுகின்றன. முதலாவது, ஓட்டம் பற்றியது. இயற்கை வாயுவுக்கென வடிவமைக்கப்பட்ட சுழலியில், உள்ளே வரும் காற்றின் அளவும் வெளியேறும் வளிமத்தின் அளவும் ஏறத்தாழ ஒத்திருக்கும். ஏழு மடங்கு வாயுவைச் செலுத்தினால் வெளியேறும் வளிமம் மிகுந்து, எதிரழுத்தம் கூடி, அமுக்கியின் இயக்கம் தடுமாறும். இதற்குத் தீர்வாக, அமுக்கியிலிருந்து வரும் காற்றில் ஒரு பகுதி வாயுவாக்கிக்கே திருப்பப்படுகிறது. மிகுதியாக வரும் வாயுவுக்கு ஈடாகக் காற்று குறைவதால் ஓட்டம் சமநிலை அடைகிறது. வாயுவாக்கிக்குத் தேவையான அழுத்தக் காற்றும் கிடைக்கிறது.

இரண்டாவது சிக்கல், சுடர் நிலைத்து நிற்பது பற்றியது. எரியாத நைட்ரஜன் மிகுந்த வாயுவின் சுடர் வலுவற்றது. எரிபொருளின் ஈரமும் வகையும் மாறும்பொழுது வாயுவின் தன்மையும் மாறுகிறது. வலுவற்ற சுடர் மீது வேகமாகக் காற்று பாய்ந்தால் அணைந்துவிடக்கூடும். பாதி எரிந்த நிலையில் சுடர் குளிர்ந்துவிட்டால், நச்சுத்தன்மையுள்ள கார்பன் மோனாக்சைடு எரியாமல் வெளியேறும். எனவே எரிகலனைப் பெரிதாக அமைத்து வாயு எரிவதற்குப் போதிய நேரம் அளிக்கப்படுகிறது; வாயுவும் காற்றும் சுழன்று கலக்கும்படி உள்வாயில்கள் வடிவமைக்கப்படுகின்றன.

எரிவதற்குமுன் தூய்மை

சுழலியின் அலகுகள் மிகு வெப்பத்தில், மிகு வேகத்தில் சுழல்பவை. சிறு மணல் துகளும் அவற்றை அரித்துவிடும். ஆகவே வாயு எரிகலனை அடைவதற்கு முன்பே மூன்று மாசுகளை நீக்கவேண்டும்.

முதலாவது, நுண்துகள். சாம்பலும் கரித்தூளும் சுழற்காற்றுப் பிரிப்பான்களாலும் வடிகட்டிகளாலும் அகற்றப்படுகின்றன. இரண்டாவது, தார். வாயு குளிரும்பொழுது தார் குழம்பாகிக் குழாய்களிலும் வால்வுகளிலும் படிந்து அடைத்துக்கொள்ளும். வாயுவைக் குளிரவிடாமல் சூடாகவே எரிகலனுக்குச் செலுத்தினால் தார் ஆவியாகவே இருந்து எரிந்துவிடும். டோலமைட் போன்ற கனிமங்களைக் கொண்டு தாரைச் சிதைப்பதும் உண்டு. மூன்றாவது, சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றின் உப்புகள். தாவரங்கள் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும் பொட்டாசியம், மிகு வெப்பத்தில் ஆவியாகி வாயுவுடன் செல்கிறது. அது சுழலியின் அலகுகளில் படிந்து உலோகத்தை அரிக்கிறது. வாயுவை 600 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிர்வித்தால் இவ்வுப்புகள் துகள்களின்மேல் படிந்து, வடிகட்டியில் தங்கிவிடுகின்றன.

இங்கு ஓர் இழுபறி உள்ளதைக் காணலாம். தாருக்காக வாயு சூடாக இருக்கவேண்டும். உப்புக்காக அது குளிர்ந்திருக்கவேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட வெப்பநிலையைத் தேர்ந்து, அவ்வெப்பத்தைத் தாங்கும் வடிகட்டிகளை உருவாக்குவதே பொறியாளர்களின் பணியாயிற்று.

கண்ணுக்குத் தெரியாத மாசு

துகளும் தாரும் உப்பும் நீங்கிய வாயு எரிகையில் புகை எழுவதில்லை. எனினும் புகைப்போக்கியின் வழியே நைட்ரஜன் ஆக்சைடுகள் வெளியேறக்கூடும். அவை மூச்சுக்குழலை உறுத்துகின்றன. சூரிய ஒளியில் பிற மாசுகளுடன் வினைபுரிந்து தரைமட்ட ஓசோனை உண்டாக்குகின்றன. மழைநீரில் கலந்து அமிலமாகின்றன. ஓசோன் மூச்சுக்கு மட்டுமன்றிப் பயிர்களுக்கும் தீங்கானது. வயலில் விளைந்த பொருளை எரிப்பதால் வயலுக்கே தீங்கு நேருமாயின் அது முரணாகும்.

நைட்ரஜன் ஆக்சைடுகள் இரண்டு வழிகளில் தோன்றுகின்றன. முதல் வழி வெப்பத்தைச் சார்ந்தது. சுடரின் வெப்பநிலை ஏறத்தாழ 1500 டிகிரி செல்சியசைக் கடக்கும்பொழுது, காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் தம்முள் இணைந்து நைட்ரிக் ஆக்சைடாக மாறும் வினை விரைவடைகிறது. இவ்வினையின் இயல்பை விளக்கியவர் ரஷ்ய அறிவியலாளர் யாகோவ் செல்டோவிச். மென்வாயுவில் எரியாத நைட்ரஜன் மிகுதி என்பதால் அதன் சுடர் இயல்பாகவே வெப்பம் குறைந்தது. எனவே இம்முதல் வழியில் தோன்றும் மாசு மென்வாயுவில் குறைவு. மென்வாயுவின் குறையாகக் கருதப்படும் வலுவின்மை இங்கு நன்மையாகிறது.

இரண்டாவது வழி எரிபொருளைச் சார்ந்தது. பயிர்கள் வளர நைட்ரஜன் தேவை. அது புரதமாகத் தாவர உடலில் சேர்கிறது. தாவரப் பொருளை வாயுவாக்கும்பொழுது அந்நைட்ரஜனில் ஒரு பகுதி அம்மோனியாவாக மாறி வாயுவுடன் கலக்கிறது. அதன் அளவு வாயுவில் மிகச் சிறிதாயினும் விளைவு பெரிது. காற்று மிகுந்த சுடரில் அம்மோனியா எரியும்பொழுது அதன் பெரும்பகுதி நைட்ரிக் ஆக்சைடாக மாறிவிடுகிறது. இம்மாற்றத்திற்கு மிகு வெப்பம் தேவையில்லை.

இயற்கை வாயுச் சுழலிகளில் மாசைக் குறைக்க, வாயுவை முன்னரே மிகுதியான காற்றுடன் கலந்து குறைந்த வெப்பநிலையில் எரிப்பது வழக்கம். இயற்கை வாயுவில் அம்மோனியா இல்லையாதலால் அம்முறை அங்கு நற்பயன் தருகிறது. அதே முறையை உயிர்த்திரள் வாயுவுக்குக் கையாண்டால் காற்றின் மிகுதியே தீங்காகிவிடுகிறது. ஓர் எரிபொருளுக்குப் பொருந்திய மருந்து மற்றோர் எரிபொருளுக்குப் பொருந்தவேண்டும் என்பதில்லை.

காற்றைப் பகுத்தளித்தல்

பொற்கொல்லர் குமுட்டித் தணலின்முன் அமர்ந்து ஊதுகுழலால் ஊதும்பொழுது, மூச்சின் அளவை மாற்றியே சுடரின் தன்மையை மாற்றுகிறார். காற்று எவ்வளவு என்பதோடு, எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்பதும் சுடரின் இயல்பை முடிவு செய்கிறது. அம்மோனியாச் சிக்கலுக்கான தீர்வும் இவ்வடிப்படையிலேயே அமைந்துள்ளது.

இம்முறையில் எரிகலன் இரு பகுதிகளாகப் பகுக்கப்படுகிறது. முதற்பகுதியில் தேவைக்குக் குறைவான காற்றே அளிக்கப்படுகிறது. அங்கு ஆக்சிஜன் பற்றாக்குறையாக இருப்பதால் அம்மோனியா முழுவதும் நைட்ரிக் ஆக்சைடாக மாற இயலாது. அம்மோனியாவின் ஒரு பகுதி நைட்ரிக் ஆக்சைடாக மாறினாலும், எஞ்சிய அம்மோனியாவிலிருந்து பிரிந்த துகள்கள் அதனோடு வினைபுரிந்து, தீங்கற்ற நைட்ரஜனும் நீராவியும் தோன்றுகின்றன. மாசுக்குக் காரணமான அம்மோனியாவே மாசை அழிக்கும் பொருளாகவும் செயற்படுவது இதன் சிறப்பு.

முதற்பகுதியைக் கடந்த வாயுவில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் இன்னும் எரியாமல் எஞ்சியிருக்கும். அதனுடன் இரண்டாம் பகுதியின் தொடக்கத்தில் மிகுதியான காற்று மிக விரைவாகக் கலக்கப்படுகிறது. எஞ்சிய வாயுக்கள் அக்காற்றில் முற்றிலும் எரிந்துவிடுகின்றன. காற்றைக் கலக்கும் வேகம் இங்கு இன்றியமையாதது. கலப்பு மெதுவாக நிகழ்ந்தால், இடையில் வாயுவும் காற்றும் சரியளவில் சேரும் இடங்களில் சுடர் மிகுந்த வெப்பமடைந்து, முதல் வழியில் கூறிய நைட்ரஜன் ஆக்சைடு தோன்றிவிடும். மிகையான காற்றைச் செலுத்தித் திடீரெனக் குளிர்வித்துவிட்டாலோ கார்பன் மோனாக்சைடு எரியாமல் நின்றுவிடும். ஒரு மாசைத் தவிர்க்க முயன்று மற்றொரு மாசைப் பெருக்கிவிடாதவாறு அளவறிந்து அமைப்பதே இத்தொழில்நுட்பத்தின் திறன்.

வேறு வழிகளும் உள்ளன. அம்மோனியா நீரில் எளிதில் கரையக்கூடியது. ஆகவே வாயுவை நீரால் கழுவினால் எரிவதற்கு முன்பே அம்மோனியா நீங்கிவிடும். ஆனால் வாயுவின் வெப்பம் வீணாகும். கழுவிய நீரில் தாரும் அம்மோனியாவும் கலந்து, அந்நீரைத் தூய்மைப்படுத்தும் பணி புதிதாகச் சேரும். அதைத் தூய்மைப்படுத்தாமல் வாய்க்காலில் விட்டால், காற்றிலிருந்து நீக்கிய மாசு நீரில் சேர்ந்ததாகவே முடியும். நிக்கல் கலந்த வினையூக்கிகளைக் கொண்டு அம்மோனியாவை நைட்ரஜனாகவும் ஹைட்ரஜனாகவும் பிரிக்கலாம். தாரும் அவற்றால் சிதைகிறது. எனினும் அவ்வினையூக்கிகள் கந்தகத்தாலும் கரிப்படிவாலும் நாளடைவில் செயலிழக்கின்றன. இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்கையில், காற்றைப் பகுத்தளிக்கும் முறை கூடுதல் பொருளோ கழிவுநீரோ இன்றி எரிகலனின் வடிவத்தாலேயே பயன்தருவது என்பது புலனாகும்.

சுவீடன் கற்பித்த பாடம்

உயிர்த்திரளை வாயுவாக்கிக் கூட்டுச் சுழற்சியில் மின்னாற்றல் பெறும் உலகின் முதல் நிலையம், சுவீடன் நாட்டின் வேர்னமோ என்னும் ஊரில் 1993ஆம் ஆண்டு கட்டிமுடிக்கப்பட்டது. மரச்சீவல்களையும் பட்டையையும் முதன்மை எரிபொருளாகக் கொண்ட அந்நிலையத்தில் வைக்கோலும் சோதித்துப் பார்க்கப்பட்டது. 18 மெகாவாட் அளவு எரிபொருளிலிருந்து 6 மெகாவாட் மின்னாற்றலும், குளிர்நாட்டு வீடுகளைச் சூடேற்ற 9 மெகாவாட் வெப்பமும் கிடைக்கும்வகையில் அது வடிவமைக்கப்பட்டது.

அழுத்தமுள்ள பாய்மப் படுகையில் 950 முதல் 1000 டிகிரி செல்சியசில் உருவான வாயு, 350 முதல் 400 டிகிரி செல்சியசுக்குக் குளிர்விக்கப்பட்டு வடிகட்டப்பட்டது. தாருக்கும் உப்புக்கும் இடைப்பட்ட வெப்பநிலை இதுவே. வடிகட்டுவதற்குத் தொடக்கத்தில் பயன்படுத்தப்பட்ட பீங்கான் குழல்கள் உடைந்ததால், பின்னர் உலோகக் குழல்கள் பொருத்தப்பட்டன. சுழலியின் எரிகலன் மென்வாயுவுக்கு ஏற்ப மாற்றியமைக்கப்பட்டது. சுழலி மென்வாயுவிலேயே ஆயிரக்கணக்கான மணி நேரம் இயங்கியது.

செயல்விளக்கப் பணி முடிந்ததும், கடந்த நூற்றாண்டின் இறுதியில் அந்நிலையத்தின் இயக்கம் நிறுத்தப்பட்டது. நிலக்கரியும் இயற்கை வாயுவும் குறைந்த செலவில் கிடைக்கும் காலத்தில், இத்தகைய நுட்பமான நிலையத்திலிருந்து பெறும் மின்னாற்றல் விலையில் போட்டியிட இயலாமற்போயிற்று. தொழில்நுட்பத்தின் வெற்றி வேறு, பொருளியல் வெற்றி வேறு என்பதை வேர்னமோ உணர்த்திற்று. தூய எரிதலுக்கு ஒரு விலை உண்டு; அவ்விலையைச் சமூகம் ஏற்கவேண்டும், அல்லது மாசின் விலையை மக்கள் தம் உடல்நலத்தால் செலுத்தவேண்டும்.

பசுமை என்னும் சொல்லின் பொறுப்பு

உயிர்த்திரளை எரிக்கையில் வெளியேறும் கார்பன் டைஆக்சைடு, பயிர் வளர்கையில் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டதே. அடுத்த பருவத்துப் பயிர் அதனை மீண்டும் ஏற்றுக்கொள்கிறது. இக்காரணத்தால் உயிர்த்திரள் மின்னாற்றல் பசுமை மின்னாற்றல் எனப் போற்றப்படுகிறது. அது ஏற்கத்தக்க கருத்தே. ஆயினும் கார்பன் கணக்கு மட்டும் காற்றின் தூய்மையை உறுதிசெய்வதில்லை. வளிமண்டலத்தைக் காக்கும் எரிபொருள், அருகில் வாழும் மக்களின் மூச்சைக் காக்கும் எரிபொருளாகவும் இருக்கவேண்டுமாயின், எரிக்கும் முறையிலும் கவனம் வேண்டும்.

மின்நிலையம் ஒன்றின் புகைப்போக்கியில் புகை தெரியவில்லை என்பதனைக் கொண்டு அது தூய்மையானது என முடிவுசெய்தல் கூடாது. கார்பன் மோனாக்சைடும் நைட்ரிக் ஆக்சைடும் நிறமற்றவை. அவற்றைக் கண் காட்டாது, அளவுகருவிகளே காட்டும். ஆகவே அளத்தலும், அளந்ததை வெளிப்படையாகத் தெரிவித்தலும் தூய எரிதலின் பிரிக்க இயலாத பகுதிகளாகும்.

சமயபுரத்தைச் சூழ்ந்த வயல்களில் ஆண்டுதோறும் நெல் விளைகிறது. ஆலைகளில் ஆண்டுதோறும் உமி குவிகிறது. திருவெறும்பூரில் கொதிகலன் அறிந்த பொறியாளர்களும், நகரின் கல்லூரிகளில் வேதியியலும் இயந்திரவியலும் பயிலும் மாணவர்களும் உள்ளனர். பொருளும் அறிவும் ஒரே மாவட்டத்தில் அருகருகே அமைந்திருப்பது அரிய வாய்ப்பாகும். உமியின் ஆற்றல் முழுமையாகப் பயன்படவும், வெளியேறும் சாம்பல் வயலுக்கோ கட்டுமானத்திற்கோ திரும்பவும், ஆலையின் அருகே வாழும் குழந்தை தூய காற்றைச் சுவாசிக்கவும் வழிகாணவேண்டிய பொறுப்பு வருங்காலப் பொறியாளர்களுக்கு உரியது. நெருப்பைக் கண்டறிந்த மனிதன், அதற்கு எவ்வளவு காற்றை, எவ்விடத்தில் அளிக்கவேண்டும் என்பதை இன்னும் கற்றுக்கொண்டே இருக்கிறான்.